இறங்கிய எடையை எங்கே நிறுத்துவது?

பழவேற்காட்டுக் குப்பங்களில் எடை குறைத்துவிட்டு நிற்கும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காக்களே, அண்ணிகளே, தங்கச்சிகளே,

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் என்று ஏரியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள். இந்த மடல் அங்கே இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் இல்லை. சர்க்கரை என்றோ பிரஷர் என்றோ முட்டிவலி என்றோ டாக்டர் சொன்னதால், அல்லது மகளின் கல்யாண ஆல்பத்தில் தன்னைப் பார்த்துத் திடுக்கிட்டதால், வாயைக் கட்டி ஆறு கிலோவோ பத்து கிலோவோ குறைத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். குறைத்து முடித்துவிட்டு, ‘சரி, இனிமே என்ன செய்யறது?’ என்று கேட்கிறீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏரித் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் யாராவது இதைப் படிக்கக் கேட்டால், இதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா. உங்கள் தட்டில் இன்னும் ஒரு முட்டையும் இன்னும் ஒரு பிடி பருப்பும் விழ வேண்டும். இளைப்பது நல்லது என்ற பேச்சு இப்போது காற்றில் பரவிக் கிடக்கிறது. அது எல்லா உடம்புக்கும் பொருந்தாது.

மற்றவர்களுக்கு வருகிறேன். எடை இறங்கிக்கொண்டிருந்தபோது ஊரே கேட்டது. ‘என்னடி, பாதியாயிட்ட, என்ன சாப்பிடற?’ என்று வழிமறித்து விசாரித்தார்கள். இறங்கி நின்ற பிறகு யாரும் கேட்பதில்லை. யூடியூபிலும் குறைப்பதற்கு ஆயிரம் வழி சொல்கிறார்கள். குறைத்ததை வைத்திருப்பது எப்படி என்று பேச ஆள் இல்லை. அது சுவாரசியமான கதையும் இல்லை. அறுபத்து நாலு கிலோவாக இருந்த அக்கா ரெண்டு வருஷம் கழித்தும் அறுபத்து நாலு கிலோவாகவே இருக்கிறாள் என்றால் அதில் காட்ட என்ன இருக்கிறது? ஆனால் அதுதான் பெரிய வேலை. குறைக்கிற வேலை வேறு, குறைத்ததைக் காப்பாற்றுகிற வேலை வேறு. முதல் வேலைக்கு உதவிய பல பழக்கங்கள் இரண்டாவதுக்கு உதவாது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் பெண்களுக்கு எடை ஏறியது சோம்பலால் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நானும் பொன்னேரிக்குக் கூடை சுமந்த ஒருத்தியின் மகள்தான். தலையில் கூடையோடு கிளம்பி, தெருத் தெருவாகக் கூவி விற்று, திரும்பவும் நடந்த பெண்களின் உடம்பு வேறு. கட்டுமரம் போய் என்ஜின் வைத்த ஃபைபர் படகு வந்தது. ஐஸ் பெட்டி வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது. கரையிலேயே ஏலம் முடிந்து வேனில் சரக்கு ஏறிவிடுகிறது. விற்கிறவளுக்கு இப்போது உட்கார்ந்த இடத்தில் வியாபாரம். வேலை நேரம் குறையவில்லை, களைப்பும் குறையவில்லை. நடை மட்டும் போய்விட்டது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. வீட்டில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோறு இருக்கும், காய் இருக்காது. பசியை ஜெயித்த திட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் எந்நாளும் தீராமல் இருப்பது எதுவோ, தட்டில் அதுதான் பெருகும்.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பெரிய கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. குப்பம் அதற்கு விலக்காக இருக்காது.

நீங்கள் எடை குறைத்த வழிகளையும் கொஞ்சம் பார்ப்போம். சிலர் பேலியோ. நியாண்டர் செல்வன் எழுதியும் பேசியும் தமிழ்நாடு முழுக்கப் பரவிய அலை, நூறு பாதாம், வெண்ணெய் டீ, காலிஃப்ளவர் சோறு என்று நம் பக்கமும் வந்தது. மீன் நிறைய உண்ணலாம் என்பதால் நமக்கு அது சுலபமாகவும் இருந்தது. பாதாமுக்கு மட்டும் மீன் விற்ற காசு போதவில்லை. சிலர் டப்பா பவுடரைக் கரைத்துக் குடித்தார்கள். சிலர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டார்கள். சிலர் சோற்றைப் பாதியாக்கினார்கள். எல்லாவற்றிலும் எடை இறங்கியது. எந்த வழியாக இருந்தாலும் உடம்புக்குள் போவது குறைந்தால் எடை குறையும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

என் கவலை, இவற்றில் எதற்குமே முடிக்கும் முறை கிடையாது என்பது. பழவேற்காட்டில் மூன்று சமயத்துக்காரர்களும் நோன்பு இருக்கிறோம். பள்ளிவாசல் தெருவில் ரமலானில் நோன்பு திறக்கும்போது முதலில் பேரீச்சம்பழம், பிறகு கஞ்சி. பிரியாணி அதற்கப்புறம்தான். மகிமை மாதா கோயிலில் தவக்காலம் நாற்பது நாள் என்று கணக்கு, ஈஸ்டர் என்று ஒரு வாசல். ஆடியில் அம்மனுக்கு விரதம் இருப்பவர்கள் கூழ் ஊற்றி முடிக்கிறார்கள். எப்போது தொடங்குவது, எதைத் தின்று முடிப்பது, மறுநாள் எப்படி இருப்பது என்று பெரியவர்கள் வகுத்து வைத்தது அது. டயட் இருந்தவளுக்கு அப்படி யார் சொன்னார்கள்? ‘பத்து கிலோ குறைஞ்சதும் நிறுத்திடலாம்’ என்று நினைத்தாள். பத்து குறைந்தது. மறுநாள் காலை பழைய தட்டு, பழைய அளவு. ஆறே மாதத்தில் பழைய எடை, அதற்கு மேல் ரெண்டு கிலோ வட்டி.

அந்தப் பெண்ணுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று பேசுகிறவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். உடம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் பிரியா சுமித்ரன் என்ற மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்தார்கள். சராசரியாகப் பதின்மூன்றரைக் கிலோ குறைந்தது. ‘போதும், வயிறு நிறைந்தது’ என்று சொல்லும் சுரப்புகள் இறங்கின, ‘இன்னும் கொண்டா’ என்று கேட்கும் சுரப்பு ஏறியது. இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. 2011-இல் இது வெளியானது. ஆக, டயட் முடிந்து ஒரு வருஷம் ஆன பிறகும் உங்களுக்கு எடுக்கிற அந்தப் பசி மனசின் குற்றம் இல்லை. உடம்பு இழந்ததைத் திருப்பிக் கேட்கிறது. அதற்கு டயட்டும் பஞ்சமும் ஒன்றுதான். வலை காலியாக வந்த மாசத்துக்கும் நீங்களாக வாயைக் கட்டிய மாசத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2016-இல் ஒரு கணக்கு போட்டது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது இருபது முப்பது கலோரி குறைகிறது. பசியோ ஏறத்தாழ நூறு கலோரி கூடுகிறது. பத்து கிலோ குறைத்தவளை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இப்போது தேவைப்படுவது முன்பைவிட 250 கலோரி குறைவு, உடம்பு கேட்பதோ ஆயிரம் கலோரி அதிகம். ஆயிரம் கலோரி என்றால் கால் கிலோவுக்கும் மேல் அரிசி. ஒருபக்கம் செலவு இறங்குகிறது, மறுபக்கம் ஆசை ஏறுகிறது. நடுவில் அவள் ஒருத்தி. அதே ஹால், ‘தி பிகஸ்ட் லூசர்’ என்ற டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவு, அவர்கள் உருவத்துக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. 

நம் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் உங்களுக்குத் தெரியாததில்லை. தூர் வாருவார்கள், படகு போகும், எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பருவத்தில் மணல் வந்து அடைத்துவிடும். மணல் மேல் யாரும் கோபப்படுவதில்லை, அதன் குணம் அது. இரண்டு பக்கமும் கல் கொட்டி நிரந்தரமாக ஒரு வழி கட்டுங்கள் என்றுதான் இத்தனை வருஷமாகக் கேட்டீர்கள். உங்கள் டயட் தூர் வாரிய வேலை. இனிமேல் செய்ய வேண்டியது கல் கொட்டுகிற வேலை.

அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது? புத்தகக் கணக்கு கடுமையானது. இந்தியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23க்குள் இருக்க வேண்டும், 25 தாண்டினால் பருமன் என்கிறார்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 23 என்பது 53 கிலோ. மூன்று பிள்ளை பெற்று, ஐம்பது வயதைத் தொட்டு, 72 கிலோவில் தொடங்கி 64-க்கு வந்திருக்கும் அக்கா 53-ஐ நினைத்துப் பெருமூச்சு விடுகிறாள். விட வேண்டாம். தொடங்கிய எடையில் 100க்கு 5 முதல் 10 பங்கு குறைந்து அது அங்கேயே நின்றாலே பிரஷருக்கும் சர்க்கரைக்கும் முட்டிக்கும் பலன் தெரியும். 64-ஐ இரண்டு வருஷம் வைத்திருந்தவள், 58-ஐத் தொட்டுவிட்டு 74-க்குப் போனவளைவிட நல்ல நிலையில் இருக்கிறாள்.

எடை இறங்காவிட்டால் எல்லாம் வீண் என்று நினைப்பவர்களுக்கு நம் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசல்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேர் நோயாளிகளானார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேர். இத்தனைக்கும் அந்த மாற்றியவர்களுக்கு எடை என்று பார்த்தால் சொல்லும்படி குறையவே இல்லை. நடந்தார்கள், எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்தார்கள், அவ்வளவுதான். எடை மெஷின் காட்டாத நன்மை ஒன்று உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தது. எடை அசையாமல் நிற்கிற மாதங்களில் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தட்டுக்கு வருவோம். டயட்டை முடிக்கும் வாரத்தில் ஒரேயடியாகப் பழைய அளவுக்குத் திரும்பாதீர்கள். டயட்டில் சாப்பிட்ட அளவோடு ஒரு கரண்டி சோறு மட்டும் கூட்டுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். எடை இன்னும் இறங்கினால் இன்னொரு கரண்டி, அல்லது ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு கை வேர்க்கடலை. எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. பக்கத்து வீட்டுக்காரி மூன்று கரண்டி சாப்பிட்டு ஏறாமல் இருக்கலாம். அவள் உடம்பு அவளுக்கு.

சோற்றைத் திரும்பச் சேர்த்த முதல் வாரம் மெஷினில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ திடீரென்று ஏறும். அலறாதீர்கள். சோறு தின்றால் உடம்பு அதில் கொஞ்சத்தைச் சேமிக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கு மூன்று பங்கு தண்ணீரைக் கூடவே பிடித்து வைக்கும். அது கொழுப்பு இல்லை. பேலியோவை முடித்தவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து, ‘சோறு தொட்டதும் ஏறுது பாரு’ என்று ஒன்று பட்டினிக்கு ஓடுகிறார்கள், இல்லை எல்லாம் போச்சு என்று கைவிடுகிறார்கள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் காலையிலும் இதே கதைதான், உப்பு தண்ணீரைப் பிடித்திருக்கும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஐந்து கிராமுக்குள் என்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. கருவாட்டை விடுங்கள் என்று குப்பத்தில் நின்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நன்றாக ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசி, வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் யோசித்துச் செய்யுங்கள்.

மீன் விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் ஒன்று. எடை குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை, கூடவே சதையும் கொஞ்சம் கரைகிறது. சதை கரைந்தால் உடம்பு எரிப்பதும் குறையும், வயசான காலத்தில் எழுந்து நிற்பதும் கஷ்டம். அதைக் காக்கப் புரதம் வேண்டும். அறுபது கிலோ பெண்ணுக்கு நாளைக்கு ஐம்பது அறுபது கிராம். நூறு கிராம் மீனில் சுமார் இருபது கிராம் இருக்கிறது. நல்ல இறாலும் பெரிய நண்டும் கம்பெனிக்குப் போய்விடும், வஞ்சிரம் சென்னைக்குப் போய்விடும், அது பிழைப்பு. மிஞ்சுகிற நெத்திலி, மத்தி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, ஏரி மடவை இவை எதிலும் குறைவில்லை. முள்ளோடு மெல்லுகிற சிறு மீனில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் மீன் வந்தால் அவருக்கும் பிள்ளைகளுக்கும் போக, அம்மா தட்டில் தலையும் குழம்பும்தான். குழம்பு ருசிக்கு இரண்டு கரண்டி சோறு கூட இறங்கும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றுங்கள்: உங்கள் பங்கு மீனை முதலிலேயே எடுத்து வையுங்கள். பொரித்த மீன் வாரத்தில் ஒரு நாள் போதும். பெரிய கரண்டி எண்ணெய் ஒன்று நூற்று இருபது கலோரிக்கு மேல்.

இதைவிட முக்கியம் மிச்சம். ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒரு பிடி சோறு, பிள்ளை பாதி கடித்த தோசை, கடைசித் துண்டு மீன். ‘வீணாப் போகுதே’ என்று நம் வாய்க்குள் போகிறது. ஏற்கெனவே சாப்பிட்டு முடித்த வயிற்றில் போகிறது. பல பெண்களின் இடுப்பில் இருப்பது இந்த மிச்சம்தான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. அதையே உங்கள் காலைச் சாப்பாடாகக் கணக்கில் வைத்தால் பிரச்சினை இல்லை. அதையும் குடித்துவிட்டு எட்டு மணிக்கு இட்லியும் வாங்கினால்தான் பிரச்சினை. காய்க்கு என்ன செய்வது? உப்புத் தண்ணி ஊறிய மண், மார்க்கெட் காய்க்குக் காசு. முருங்கை மட்டும் மணலிலும் நிற்கும். கீரையாகவும் காயாகவும் அதைவிட மலிவாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

டீ. கரையில் படகு வரும்வரை காத்திருக்க ஒரு டீ, ஏலம் முடிந்ததும் ஒரு டீ, வீட்டுக்கு வந்து ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், நாற்பது கிராம் வரும். ஒரு நாளைக்கே இருபது இருபத்தைந்து கிராம்தான் எல்லை. டீயை விட வேண்டாம். டீக்கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று சொல்லப் பழகுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் காலண்டர். டயட் புத்தகம் எழுதுகிறவர்களுக்கு மாதச் சம்பளக்காரர்கள்தான் தெரியும். நமக்கு ஒரு நாள் பத்தாயிரம், நான்கு நாள் டீசல் காசுகூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. ஃபைபர் படகுக்காரர்கள் பிடிக்கிற மீனுக்கு அப்போது நல்ல விலை. அந்தப் பணத்தோடு பரோட்டாவும் கல்யாண விருந்தும் சேர்ந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். ஆம்பளைகள் வீட்டில், மழை வெளியில், எண்ணெய்ச் சட்டி அடுப்பில். எடை ஏறுவது பெரும்பாலும் இந்த மாதிரி நாட்களில்தான், வேலை நாட்களில் இல்லை. ஆகவே தினத்துக்கு இவ்வளவு என்ற சட்டம் நமக்குச் சரிவராது. வாரக் கணக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் திங்கள் செவ்வாய் குழம்பும் கீரையும். பட்டினி வேண்டாம், ஞாயிறு தின்றதற்குத் திங்களில் தண்டனையும் வேண்டாம். பணம் வராத வாரத்தில் சோறு மட்டும் தின்று ஒப்பேற்றுகிறோமே, அப்போது இரண்டு முட்டை சேர்க்கப் பாருங்கள். இளைத்த வாரத்தின் பசிதான் பணம் வந்த வாரத்தில் வட்டியோடு தின்னும்.

நடை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அமெரிக்காவில் 1994 முதல், பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷமாவது வைத்திருப்பவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலோர் நாளைக்கு ஒரு மணி நேர அளவு உடற்பயிற்சி செய்கிறார்கள், அதிகமும் நடைதான்; முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பூங்கா இருக்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தது, நல்ல காரியம், ஆனால் குப்பத்துப் பெண் அங்கே பஸ் ஏறிப் போய் நடக்கப் போவதில்லை. நமக்கு லைட்ஹவுஸ் குப்பம் பாலமும் கடற்கரையும்தான். அதிகாலையில் படகு வருகிற நேரம், முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான்கு பேராகச் சேர்ந்து கிளம்புங்கள். தனியாக நடந்தால் ‘எங்கடி போற?’ என்று கேட்பார்கள், நான்கு பேராகப் போனால் கேட்க மாட்டார்கள். மணலில் நடப்பதில் கூடுதல் உழைப்பு உண்டு. முட்டி வலிக்கிறவர்கள் ரோட்டோரம் நடங்கள். தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்தால் தொடைக்கு அது போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. உங்கள் எடை 72-ஆக இருந்தபோது எழுதிக் கொடுத்த அளவே 64-லும் வந்துகொண்டிருக்கலாம். எடை குறைந்த பிறகு பழைய அளவு சர்க்கரை மாத்திரை அதிகமாகிப் போய், வேர்த்து, கை நடுங்கி, ஐஸ் பெட்டி மேல் சாய்ந்தால் அது களைப்பு இல்லை, சர்க்கரை இறங்கியது. எழுந்திருக்கும்போது தலை சுற்றினால் பிரஷர் மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் ‘இத்தனை கிலோ குறைச்சிருக்கேன்’ என்று சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரையோ காசநோயோ வேறெதுவோ, சீக்கிரம் போய்ப் பாருங்கள். புதிதாக வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசி பற்றியும் உங்களில் சிலர் விசாரிக்கிறீர்கள். செமாக்ளூடைடு ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்பது அதைப் பற்றிய ஆய்விலேயே இருக்கிறது. மாசாமாசம் ஆயிரக்கணக்கில் செலவு, நிறுத்தினால் திரும்பும். வாங்குவதற்கு முன் இந்த இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

கடைசியாக, எப்படிக் கண்டுபிடிப்பது? நைட்டியும் பாவாடை நாடாவும் நம் உடுப்பிலேயே மோசமான சாட்சிகள். நான்கு கிலோ ஏறினாலும் நாடா இரண்டு அங்குலம் தளர்ந்துகொடுக்கும், வாயைத் திறக்காது. ரவிக்கை ஊக்குதான் உண்மை பேசும். குறைத்தபோது பிடித்துத் தைத்த ரவிக்கைகளின் உள்துணியைத் தையல்காரரிடம் சொல்லி வெட்டிவிடுங்கள், பிரித்துவிட்டுக்கொள்ள இடம் இருக்கக் கூடாது. இடுப்பை டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் எல்லை. அதைத் தாண்டியிருந்தால் குறைந்தபட்சம் இப்போது இருப்பதைவிடக் கூடாமல் பாருங்கள்.

எடைக்கு ஒரு கோடு போடுங்கள். நிறுத்திய எடைக்கு மேல் இரண்டு கிலோ. அதைத் தொட்டால் அந்த வாரமே டயட் நாளில் சாப்பிட்ட அளவுக்குத் திரும்புங்கள், கோட்டுக்குக் கீழே வந்ததும் விடுங்கள். இரண்டு கிலோவில் பிடித்தால் மூன்று நான்கு வாரத்தில் சரியாகும். எட்டு கிலோ ஏறிய பிறகு பிடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. அமெரிக்காவில் ரீனா விங் என்ற பேராசிரியர் எடை குறைத்த 314 பேரை மூன்று பிரிவாக்கி, இரண்டு பிரிவுக்கு இப்படிக் கோடு போடக் கற்றுக்கொடுத்துப் பதினெட்டு மாதம் பார்த்தார். தபாலில் தகவல் மட்டும் அனுப்பிய பிரிவில் 100க்கு 72 பேருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் திரும்பியது. இன்டர்நெட்டில் சேர்ந்தவர்களில் 55 பேருக்கு. நேரில் கூடி உட்கார்ந்து பேசியவர்களில் 46 பேருக்குத்தான்.

நேரில் கூடுவதற்கு நாம் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டியதில்லை. தர்மபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் சந்தா எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் எடையையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே எண், வேறு பேச்சு வேண்டாம். ஏறியவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள், சிரித்தவள் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், சர்க்கரை கம்மியாக. எடை மெஷின் குழுப் பணத்தில் வாங்கலாம், ஆளுக்கு ஒன்று தேவையில்லை. வாங்கியதும் மணல் தரையிலோ பாய் மேலோ வைத்து ஏறாதீர்கள், தப்பாகக் காட்டும். சிமெண்ட் போட்ட திண்ணையில் வையுங்கள், காலையில், டீக்கு முன்னால்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தியின் மகள்